இன்டேக் மேனிஃபோல்டு மாற்றுவது செலவுக்குத் தகுமா? புதுச்சேரி, கடலூர் வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஏர் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது, சைலன்சர் மாற்றியாகிவிட்டது, அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் வந்து நிற்கிற இடம் இன்டேக் மேனிஃபோல்டு. விலையும் அதிகம், பிரித்துப் போடும் வேலையும் அதிகம். வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் டர்போ இல்லாத பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது. டர்போ, டீசல், சிஎன்ஜி, பைக் எல்லாம் பின்னால் வரும்.

மேனிஃபோல்டு என்னதான் செய்கிறது?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் பாடி வழியாக வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. உள்ளே ஒரு காற்றறை இருக்கும், அதற்குப் பிளீனம் என்று பெயர். அதிலிருந்து சிலிண்டருக்குப் போகும் தனித்தனிக் குழாய்கள் ரன்னர்கள். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் காற்றோடு பெட்ரோலும் கலந்தே இதன் வழியாகப் போகும். இன்றைய கார்களில் பெரும்பாலும் வெறும் காற்றுதான். இன்ஜெக்டர் வால்வுக்குப் பக்கத்திலோ நேராக சிலிண்டருக்குள்ளோ பெட்ரோலைத் தெளித்துவிடும்.

அப்படியென்றால் பெரிய குழாய் போட்டால் அதிகக் காற்று போகும், அதிக பவர் வரும். சரிதானே?

பாதி சரி. காற்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு பொருந்தும். இங்கே வால்வ் திறந்து திறந்து மூடுகிறது. மூடும்போது ஓடிவந்த காற்று வால்வில் மோதி ஓர் அழுத்த அலையைக் கிளப்பும். அந்த அலை ஒலியின் வேகத்தில், அதாவது வினாடிக்குச் சுமார் 340 மீட்டர், ரன்னர் வழியாகப் பிளீனம் வரை போய்த் திரும்பும். வால்வ் மறுபடி திறந்திருக்கும் சமயம் பார்த்து அழுத்தம் கூடிய அலை வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்று கூடுதலாகத் திணிக்கப்படும். நேரம் தவறி வந்தால் உள்ளே போக வேண்டியதும் குறையும்.

இந்த நேரக் கணக்கு ஆர்பிஎம்மைப் பொறுத்தது. 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற 10 மில்லி வினாடி, 3,000-ல் 20 மில்லி வினாடி. அலையின் வேகம் மாறாது, இன்ஜினின் வேகம் மாறுகிறது. அதனால் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள ரன்னர் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மைச் சுற்றித்தான் நன்றாக வேலை செய்யும். நீளமான, குறுகலான ரன்னர் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தரும். குட்டையான, அகலமான ரன்னர் மேலே போகப்போக பவர் தரும். மேலே ஏற்றினால் கீழே ஏதாவது இறங்கும். இரண்டையும் பிடிக்க வேண்டும் என்றுதான் ஹோண்டா சிவிக் 1.8 போன்ற கார்களில் ரன்னர் நீளத்தை ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளும் மேனிஃபோல்டைக் கம்பெனியே வைத்தது.

கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்கத்தான் சின்னதாகப் போட்டான் என்று கடையில் சொல்வார்கள். நகரத்தில் ஓட்டுபவரின் கால் எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் இருக்குமோ அதற்கேற்ற நீளத்தைத்தான் அவன் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

நம்ம ரோட்டில் வித்தியாசம் தெரியுமா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான்.

மரப்பாலத்திலிருந்து கிளம்பி அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை தாண்டி மஞ்சக்குப்பம் போய்ச் சேரும் வரை உங்கள் கார் எத்தனை முறை 5,000 ஆர்பிஎம்மைத் தொடுகிறது? ஒரு சின்ன ஹேட்ச்பேக் 80 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் சீராக ஓட 15 குதிரைத்திறன்கூடத் தேவைப்படாது. அந்த நேரத்தில் த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்கும். காற்றைத் தடுத்துக்கொண்டிருப்பது நீங்கள், அதாவது உங்கள் கால். த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் குழாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அந்தக் கூடுதல் காற்று வேண்டுமென்றால் பெடலை இன்னும் கொஞ்சம் மிதித்தாலே கிடைத்துவிடும்.

சரி, ஓவர்டேக் செய்யும்போது? நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரில் இடைவெளி கிடைத்ததும் மிதிக்கிறீர்கள். இன்ஜின் 2,500 - 3,500 ஆர்பிஎம்மில் இருக்கிறது. அந்த இடத்தில் இழுவை தருவது நீளமான ரன்னர், அதாவது ஏற்கெனவே உங்கள் வண்டியில் இருக்கும் ஒரிஜினல். குட்டை ரன்னர் மேனிஃபோல்டு மாட்டியவர்கள் “சத்தம் பிரமாதம், ஆனால் கீழே கொஞ்சம் மந்தமாயிட்டுது” என்று சொல்வது இதனால்தான். அந்த ஓவர்டேக்குக்கு ஒரு கியர் இறக்குவது எந்த மேனிஃபோல்டையும்விட அதிகம் உதவும்.

எவ்வளவு குதிரைத்திறன் கூடும் என்று சொல்லுங்கள்.

ஒரே எண் சொல்பவரை நம்பாதீர்கள். டர்போ இல்லாத சின்ன இன்ஜினில், மற்ற எதையும் தொடாமல் மேனிஃபோல்டை மட்டும் மாற்றினால் கிடைப்பது, கிடைத்தால், மேல் ஆர்பிஎம்மில் சில குதிரைத்திறன்.

2018-ல் வந்த ஸ்விஃப்டின் 1.2 பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 83 குதிரைத்திறன், அது 6,000 ஆர்பிஎம்மில். உச்ச டார்க் (சுழற்றும் விசை) 113 நியூட்டன் மீட்டர், அது 4,200-ல். கணக்குப் போட்டால் 6,000-ல் டார்க் சுமார் 97-க்கு இறங்கியிருக்கிறது. இந்த 113-க்கும் 97-க்கும் இடையில் இருக்கும் இறக்கத்தில் ஒரு பகுதியைத்தான் குட்டை ரன்னர் மீட்டுத் தர முடியும். முழுதும் மீளாது, ஏனென்றால் அந்த இறக்கத்துக்கு வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் வால்வ் அளவும் எக்ஸாஸ்ட்டும் காரணம். கல்யாண மண்டபத்தில் வாசலை அகலப்படுத்திவிட்டு, பந்தியில் அதே நாற்பது இலை போட்டால் கூட்டம் உள்ளே போய் நின்றுகொண்டுதான் இருக்கும்.

டைனோ பேப்பர் காட்டுகிறார்களே?

காட்டட்டும். டைனோ என்பது வண்டியை உருளைகளின் மேல் ஓடவிட்டு பவரை அளக்கும் கருவி. முன்னும் பின்னும் ஒரே வண்டியில், ஒரே நாளில், ஒரே டைனோவில் எடுத்ததா என்று கேளுங்கள். காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். பவரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கும். கத்திரி வெயிலில் “முன்னால்” எடுத்துவிட்டு, மார்கழிக் காலையில் “பின்னால்” எடுத்தால் மேனிஃபோல்டை மாற்றாமலேயே பவர் கூடியதாகத் தெரியும். வெப்பநிலைக்கான திருத்தத்தை டைனோ போடும்தான், ஆனால் மூன்று நான்கு குதிரைத்திறன் வித்தியாசத்தை நிரூபிக்க அது போதாது. உச்ச எண்ணை விட்டுவிட்டு, 2,000 முதல் 4,000 வரை கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். அந்தப் பகுதியே பேப்பரில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று யோசியுங்கள்.

மைலேஜ் கூடுமா?

கூடாது.

என் வண்டியில் காற்று எங்கே அடைபடுகிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் மாட்டும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று, மொபைலில் ஒரு ஆப் போதும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பெரும்பாலான கார்களில் இருக்கிறது.

முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அழுத்தத்தைப் படியுங்கள். நம் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் 100 கிலோபாஸ்கலை ஒட்டி வரும். அது வெளிக்காற்றின் அழுத்தம். பிறகு விடியற்காலையில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், வேக வரம்புக்கு உட்பட்டு, இரண்டாம் கியரில் பெடலை முழுதாக மிதித்து ஆர்பிஎம்மை மேலே கொண்டுபோங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மொபைலைப் பார்த்துக்கொள்ளட்டும், ஓட்டுபவர் பார்க்கக்கூடாது.

மேல் ஆர்பிஎம்மில் அழுத்தம் இரண்டு மூன்று கிலோபாஸ்கல் மட்டும் குறைந்தால், ஃபில்டரிலிருந்து பிளீனம் வரை வழி நன்றாக இருக்கிறது. அங்கே பெரிய த்ராட்டில் பாடியும் கோன் ஃபில்டரும் போட்டுப் பயனில்லை. ஆறு ஏழுக்கு மேல் குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம் த்ராட்டில் பாடியில் படிந்திருக்கும் கறுப்பைப் பாருங்கள். இந்தச் சோதனை பிளீனம் வரைதான் சொல்லும். ரன்னர் குறையா, கேம் குறையா என்பதை அறிய டைனோ கோடு வேண்டும்.

வண்டி முன்னைப்போல இழுக்கவில்லை. மேனிஃபோல்டு மாற்றினால் சரியாகுமா?

முன்னால் இழுத்தது, இப்போது இழுக்கவில்லை என்றால் அது ரிப்பேர். அப்கிரேடு கதை வேறு. கம்ப்ரஷன், ஸ்பார்க் பிளக், காயில், ஃபியூயல் பிரஷர், கிளட்ச் வழுக்கல், அடைத்துக்கொண்ட கேட்டலிடிக் கன்வர்ட்டர், இறுகிப்போன பிரேக் காலிப்பர் என்று பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் காலிப்பர் பின் உப்புக்காற்றில் இறுகுவது சாதாரணமாக நடக்கும். காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டிக்கு எந்த மேனிஃபோல்டும் உதவாது.

மேனிஃபோல்டு சம்பந்தப்பட்ட ஒரு ரிப்பேர் உண்டு: மேனிஃபோல்டுக்கும் இன்ஜினுக்கும் இடையில் இருக்கும் கேஸ்கெட் லீக். உஸ்ஸென்று சன்னமான சத்தம், ஐடில் ஏறி இறங்குவது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதறல். இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில், லீக் வழியாகப் போகும் காற்று கணக்கில் வராது. அதனால் ‘பெட்ரோல் குறைவு’ என்று ஸ்கேனரில் பி0171 எரர் கோடு (code) விழும். மேப் சென்சாரை வைத்துக் கணக்குப் போடும் கார்களில் லீக்கால் அழுத்தம் ஏற, இசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும். அங்கே கோடு விழாமல் ஐடில் மட்டும் ஏறி நிற்கலாம். கோடு இல்லை, அதனால் லீக் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஸ்மோக் டெஸ்ட் எடுத்தால் புகை எங்கே வருகிறது என்று கண்ணாலேயே தெரியும். சூடான இன்ஜின் மீது கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது தீப்பிடிக்கும் வேலை.

கேஸ்கெட் செலவும் பாதி நாள் கூலியும் ஆகும். புது மேனிஃபோல்டு மாட்டி “அடடா, வண்டி பறக்குது” என்பவர்களில் சிலருக்கு உண்மையில் சரியானது அந்தப் பழைய கேஸ்கெட்தான்.

கம்பெனி மேனிஃபோல்டு வெறும் பிளாஸ்டிக். அலுமினியம் உசத்திதானே?

அது கண்ணாடி இழை கலந்த நைலான். உள்பக்கம் வழவழப்பாக வார்க்க முடியும், எடை குறைவு, இன்ஜின் சூட்டைக் காற்றுக்குக் கடத்துவதும் குறைவு. மே மாதத்தில் இந்திரா காந்தி சதுக்கத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது அலுமினிய மேனிஃபோல்டு நன்றாகச் சூடேறிக்கொள்ளும், அந்தச் சூடு உள்ளே போகும் காற்றுக்கும் போகும். அலுமினியம் எங்கே நல்லதென்றால், டர்போ தரும் அதிக பூஸ்ட் அழுத்தம் தாங்க வேண்டிய இடத்தில், வெட்டி ஒட்டி வெல்டு வைத்து மாற்ற வேண்டிய இடத்தில். கடலோரத்தில் அதன் மேல்பூச்சு சரியில்லை என்றால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டர்போ பெட்ரோல் கார்?

டர்போவே காற்றைத் தள்ளிக் கொடுப்பதால் ரன்னர் நீளத்தின் முக்கியத்துவம் குறைந்துவிடுகிறது. அதே காசை இசியு அட்டவணையை மாற்றி எழுதும் ரீமேப்புக்கோ, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கோ கொடுத்தால் வித்தியாசம் சீட்டில் தெரியும். ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ போன்ற இன்ஜினில் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றுவதென்றால் கூலன்ட் லைனையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். நேரடி இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் வால்வைக் கழுவாது, அதனால் இன்டேக் வால்வின் பின்புறம் கார்பன் படியும். மேனிஃபோல்டைக் கழற்றினால் அந்தக் கார்பனையும் எடுத்துவிடுங்கள்.

டீசல்?

மாற்ற வேண்டாம், கழுவுங்கள். இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் அமைப்பு) வழியாக வரும் கரியும் கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து மேனிஃபோல்டுக்குள் தார் போல ஒட்டிக்கொள்ளும். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் காரின் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தால் உள் விட்டம் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியிருக்கும். புதுச்சேரிக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடும் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஓடும் இன்ஜினில் எதையாவது ஊற்றினால் பெயர்ந்த கரிக்கட்டி வால்வுக்கும் டர்போவுக்கும் போகும்.

சிஎன்ஜி கிட் போட்டிருக்கிறேன்.

பழைய மிக்ஸர் வகை கிட் என்றால் மேனிஃபோல்டு முழுக்க வாயுவும் காற்றும் கலந்தே நிற்கும். பேக்ஃபயர் ஆனால் அது அங்கேயே வெடித்து பிளாஸ்டிக் மேனிஃபோல்டு பிளந்துபோகும். இதற்கு மருந்து நல்ல பிளக், நல்ல ஒயர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வாயு தெளிக்கும் சீக்வென்ஷியல் கிட். பிளந்த பிறகு அலுமினியம் தேடுபவர்கள் பிளக்கையும் மாற்றிவிட்டுத் தேடட்டும்.

மேனிஃபோல்டு மாற்றினால் இசியு டியூன் கட்டாயமா?

மேப் சென்சாரை நம்பும் வண்டியில் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த அழுத்தம், இந்த ஆர்பிஎம் என்றால் இவ்வளவு காற்று உள்ளே போயிருக்கும் என்று ஒரு அட்டவணை இசியுவில் இருக்கிறது. புது மேனிஃபோல்டு அந்த அட்டவணையைப் பொய்யாக்கிவிடும். பாதி மிதியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துத் திருத்திக்கொள்ளும். முழு மிதியில் பல வண்டிகள் அந்தத் திருத்தத்தைக் கேட்பதில்லை. அட்டவணைப்படியே பெட்ரோல் போகும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, முழு லோடு என்று மூன்றும் சேர்ந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. ஆகவே டியூனையும் டைனோ நேரத்தையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். சென்னைக்கோ கோவைக்கோ போய்வர வேண்டியிருக்கும்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ், வாரண்டி?

ஆர்சியில் மேனிஃபோல்டுக்கென்று ஒரு வரி கிடையாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைக் கம்பெனியின் மூல விவரத்திலிருந்து மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று சேர்க்கப்பட்டது. பிஒய்-01 ஆனாலும் டிஎன்-31 ஆனாலும் சட்டம் ஒன்றுதான்.

நடைமுறையில் முதலில் மாட்டுவது புகைச் சான்றில். பிஎஸ்4 முதல் பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. டியூன் சரியில்லாத வண்டி அதைத் தாண்டிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் பேச வேண்டியிருக்கும். வாரண்டி இருக்கும் வண்டியில் இந்தப் பேச்சே வேண்டாம்.

வாங்கிவிட்டேன். மாட்டும்போது என்ன பார்க்க வேண்டும்?

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடம் பெரும்பாலும் மேனிஃபோல்டிலிருந்துதான் போகிறது. விலை மலிவான சில மேனிஃபோல்டுகளில் அந்தக் குழாய்க்கான முனை சின்னதாகவோ, ஒரே ஒரு ரன்னரில் துளைத்ததாகவோ இருக்கும். பெடல் கட்டையாகிப் போகும். மாட்டி முடித்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள், இறுகும். இறுகிய பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் கால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

அப்புறம் ஃப்ளேஞ்ச், அதாவது இன்ஜினோடு ஒட்டும் தட்டையான முகம். நேரான ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வெல்டு சூட்டில் வளைந்த ஃப்ளேஞ்சை போல்ட் இறுக்கி நேராக்கப் பார்த்தால் ஹெட்டில் இருக்கும் மரை போய்விடும். ரன்னருக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். வார்ப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஒருநாள் சிலிண்டருக்குள் போகும். மேப் சென்சார், பிசிவி (கிராங்க்கேஸ் ஆவிக் குழாய்), பர்ஜ் வால்வ் (பெட்ரோல் டேங்க் ஆவிக்கானது) ஆகியவற்றுக்கான இடங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பழையதைப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்க வேண்டும். பழைய போல்ட் உப்பில் இறுகியிருந்தால் முந்தின நாளே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊறவிடச் சொல்லுங்கள்.

கூடவே கோல்டு ஏர் இன்டேக்கும் போடலாமா?

ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கி வைக்கும் வகை இந்த ஊருக்கு ஆகாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திராத சாதாரணப் பாலிசி அதற்குப் பொதுவாகப் பணம் தராது.

புல்லட்டுக்கும் மற்ற பைக்குகளுக்கும் இதே கதைதானா?

பைக்கில் மேனிஃபோல்டு என்பது பெரும்பாலும் ஒரு ரப்பர் குழாய். வெயிலில் வெடித்து, ஐடில் நிற்காமல், ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட் என்றால் அதை மாற்றுங்கள். ஒரிஜினல் போதும்.

அப்படியானால் யாருக்குத்தான் இது தகும்?

ஹெட் வேலை, பெரிய கேம், எக்ஸாஸ்ட், டியூன் செய்யக்கூடிய இசியு எல்லாம் முடித்து, டைனோ கோடு மேலே போய் மூச்சு வாங்குகிற இன்ஜின் வைத்திருப்பவருக்கு. சென்னை இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ரேஸ் டிராக்குக்கு வண்டியை எடுத்துப் போய் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டுபவருக்கு. பழைய கார்பரேட்டர் இன்ஜினில் வேறு கார்பரேட்டர் உட்கார வைக்க நினைப்பவருக்கு; அவருக்கு வேறு வழியும் இல்லை. ஒரிஜினல் உடைந்து, புதுசு கிடைக்காமல் அலைபவருக்கு.

மற்றவர்களுக்கு அதே தொகையில் நல்ல டயர் நான்கும், பிளக்கும், த்ராட்டில் பாடி சுத்தமும், வால்வ் கிளியரன்ஸ் சரிபார்ப்பும் முடிந்து மீதியும் இருக்கும்.

எல்லாம் படித்தும் மாற்றத்தான் போகிறேன். பழையதை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். வண்டியை விற்கும்போது ஒரிஜினல் கேட்பார்கள், எஃப்சி நேரத்திலும் தேவைப்படலாம். கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரன்னர் வாய்களை டேப் ஒட்டி மூடி வையுங்கள். துணியை உள்ளே திணித்து வைத்தால் திரும்ப மாட்டும்போது ஒன்றை எடுக்க மறந்துவிடுவார்கள்.